ஆறாவது வாரத்துச் சம்மந்திகள்

கீமோ வார்டில் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களை அழைத்தால் இரண்டே பேச்சுதான் பேசுவார்கள். எங்கள் காலத்தில் இந்த வசதியெல்லாம் இல்லை என்பது ஒன்று. எங்கள் காலத்துப் பொறுப்பு இப்போது இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் நீங்கள் கேட்டுச் சலித்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். உங்கள் டாக்டர்கள் இன்றைக்கும் கூட்டம் போட்டு விவாதிக்கிற ஒரு விஷயத்தில் நான் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

பெருங்குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவிவிட்ட புற்றுநோய்க்கு மருந்தை எந்த முறையில் ஏற்றுவது? இதுதான் விவாதம். ஒரு முறையில், இரண்டு வாரத்துக்கு ஒருதடவை நோயாளி வர வேண்டும். நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த போர்ட் வழியாகச் சில மணி நேரம் ட்ரிப் ஏற்றுவோம். பிறகு ஒரு சின்ன பலூன் பாட்டிலை இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்புவோம். அது இரண்டு நாள் மெல்ல மெல்ல மருந்தை இறக்கும். மற்ற முறையில், மூன்று வாரத்துக்கு ஒருதடவை ட்ரிப் மட்டும். மிச்சத்துக்கு இரண்டு வாரம் வீட்டில் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு.

இரண்டில் எது நல்லது என்று எங்கள் பெரிய டாக்டர் தலைமையில் பல கூட்டங்கள் நடந்தன. டீயும் பஜ்ஜியும் வரும், படங்கள் சுவரில் ஓடும், குரல்கள் உயரும். கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: பலன் ஏறத்தாழ ஒன்றுதான், ஆளைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும். ஆளைப் பொறுத்து என்றால் சிறுநீரகம், ரத்த அணுக்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்பதெல்லாம். சம்மந்தியைப் பொறுத்தும் முடிவு செய்ய வேண்டி வரும் என்று அந்தக் கூட்டங்களில் யாரும் சொல்லவில்லை.

பூதப்பாண்டியிலிருந்து மாதேவன் அண்ணாச்சி வந்தார். வாழைக்குலை மொத்த வியாபாரம். சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் அவருக்கு மாத்திரை ஒத்துவராது என்று டாக்டர் பாட்டில் முறையைச் சொன்னார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, டாக்டர் நகர்ந்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இந்த பாட்டிலு சட்டைக்கு வெளிய தெரியுமா?"

"பெரிய சட்டையாப் போட்டா தெரியாது, அண்ணாச்சி."

"தெரியாண்டாம். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம். பையன் மஸ்கட்ல இஞ்சினியரு, குழித்துறைக்காரன். பொண்ணுக்க அப்பனுக்குக் கேன்சருன்னு தெரிஞ்சா அவ்வளவுதான், சோலி முடிஞ்சு. எனக்கும் எனக்கப் பொஞ்சாதிக்கும் மட்டுந்தான் தெரியும். டாக்டரை விட்டா மூணாவது ஆளு நீங்க."

நான் சத்தியம் செய்தேன். அண்ணாச்சி அந்த பாட்டிலை எல்லோரிடமும் துபாயிலிருந்து வந்த சுகர் மெஷின் என்று சொல்லித் திரிந்தார். அவருடைய சந்தைக் கூட்டாளிகள் இரண்டு பேர், அந்த மெஷின் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று எங்கள் மருந்துக் கடையில் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்துக் குழித்துறையிலிருந்து கமலாட்சி டீச்சர் வந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, கணவர் இல்லை, ஒரே மகன். அதே நோய், அதே கட்டம். டாக்டர் இரண்டு முறைகளையும் விளக்கியபோது, வகுப்பில் பதில் சொல்லும் மாணவனைப் பார்க்கிற மாதிரியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "மாத்திரை போதும். பாட்டில் கட்டிக்கிட்டு நடக்க நமக்கு ஒக்காது" என்றார். பிறகு என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"சிஸ்டரே, எனக்க மோனுக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கு. நல்ல குடும்பம். பூதப்பாண்டியில வாழைக்குலை கச்சவடம். பையனுக்க அம்மைக்குக் கேன்சர்னு அவிய அறியப்பிடாது. நோயாளிக்குச் சிசுருசை செய்யவா பிள்ளையை வளத்தோம்னு கேப்பாவ. மோன்கிட்டயும் சொல்லல்ல. சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வருவான்."

நான் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தைச் சரிசெய்துகொண்டு, அவருக்கும் சத்தியம் செய்தேன்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பெரிய டாக்டர் இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒன்றே ஒன்றை வற்புறுத்தியிருந்தார். இந்த நோய் சில குடும்பங்களில் தொடரும், ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களுக்கும் குடலை ஒருதடவை பரிசோதித்துவிட வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: "கல்யாணம் கழியட்டும் டாக்டர்."

இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்றவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கணக்கு தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும், ஆறு வாரத்துக்கு ஒருதடவை இருவரும் ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள். டீச்சரைச் செவ்வாய்க்கும் அண்ணாச்சியைப் புதனுக்கும் ஒதுக்கினேன். ஆனால் ரத்த அணுக்கள் குறைந்தால் தேதி தள்ளும். உள்ளூர் விடுமுறை வந்தால் தள்ளும். உலகத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு முறைகளை, எந்த நாளில் யார் யாரைப் பார்த்துவிடுவார்கள் என்பதற்காக ஒப்பிட்டுப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒருதடவை இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. பயந்துபோய்ப் பெரிய டாக்டரிடம் ஓடி, டீச்சரை நாலு நாள் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். காரணம் கேட்டார். வைத்தியம் பார்க்கிறவரிடம் மறைக்கக் கூடாது என்பதால் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நாம நடத்துகது ஆசுபத்திரியா, கல்யாண மண்டபமா சிஸ்டர்?"

"ரெண்டுந்தான் போலிருக்கு, டாக்டர்."

"நாற்காலியை மாத்துங்க, ரூமை மாத்துங்க, திரையை இழுத்து விடுங்க. மருந்து நாளை மட்டும் தொடாதீங்க. ரகசியம் அவங்க கேட்டது. மருந்து அவங்களுக்குத் தேவை. ரெண்டையும் குழப்பாதீங்க."

அன்றைக்கு டீச்சர் உள்ளறையில், அண்ணாச்சி வாசலோரம். நடுவில் நான் திரைச்சீலைக் காவல்காரி. அண்ணாச்சி கொண்டுவந்த மட்டிப்பழத்தை புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் உள்ளறைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். டீச்சர் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, "நல்ல பழம். யாரு கொண்டு வந்தாவ?" என்று கேட்டார். "ஒரு நோயாளி" என்றேன். பொய் இல்லை.

அடுத்த ஆறாவது வாரம் வந்தது. டீச்சருக்குச் செவ்வாய்க்கிழமை ட்ரிப் ஏற்றியாயிற்று. புதன்கிழமை அண்ணாச்சிக்குப் பாட்டிலைக் கட்டி முடித்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது. பேசிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பையனுக்கு லீவு முந்தியே கெடச்சிட்டாம். நாளைக்கே நிச்சயதாம்பூலம். எங்க ஊரு மண்டபத்துல. இதைக் கழத்த முடியுமா சிஸ்டர்?"

டாக்டரிடம் கேட்டேன். பாதியில் கழற்ற வேண்டாம், வெள்ளிக்கிழமை காலையில் தானாக முடிந்துவிடும், பட்டுச் சட்டைக்குள் இருக்கட்டும் என்றார். குளிர்ந்தது எதையும் தொட வேண்டாம் என்று வழக்கம்போல எச்சரித்து அனுப்பினேன். இந்த ட்ரிப் ஏற்றிய சில நாளைக்குக் குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்கினால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், சிலருக்கு மூச்சே அடைத்துக்கொள்வதுபோல் ஆகிவிடும். முந்தின நாள் டீச்சருக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு பேரும் என்னை நிச்சயத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரிடமும் ட்யூட்டி என்று சொன்னேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வார்டில் இருந்தபோது போன் வந்தது. அண்ணாச்சி கிசுகிசுத்தார்.

"சிஸ்டர், மாப்பிள்ளைக்க தாய்மாமன் வந்து கெட்டிப் பிடிச்சாரு. அதுக்குப் பொறவு உள்ள ஈரமா இருக்கு. சட்டை நனையுது."

"இப்பம் எங்க நிக்குதீய?"

"மண்டபத்துல, பொண்ணு வீட்டு ரூமுல, கதவைச் சாத்திக்கிட்டு."

குழாய் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று புரிந்தது. க்ளிப்பை அழுத்தி மூடச் சொன்னேன். கசிந்தது வீரியமான மருந்து என்பதால் வேறு யாரையும் தொட விடாதீர்கள், தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நனைந்த சட்டையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள், நிச்சயம் முடிந்த உடனே இங்கே வாருங்கள் என்றேன். மனிதர் பதறாமல் ஒவ்வொன்றாகச் செய்தார். க்ளிப் மூடியதும் கசிவு நின்றது. அப்பாடா என்று போனை வைத்தேன். வைத்த கை எடுக்கவில்லை, மறுபடியும் அடித்தது. டீச்சர்.

குரல் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். பெண்ணின் அத்தை ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்றால் சம்மந்தி வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை என்று ஆகிவிடும். குடித்துவிட்டார். தொண்டை இறுகுகிறது. கை கழுவுகிற இடத்தில் தனியாக நிற்கிறார்.

"தடிப்பு, வீக்கம், அரிப்பு ஏதாவது உண்டா டீச்சர்?"

"இல்ல... மூச்சு... கிட்டல்ல..."

பெரும்பாலும் இது குளிர்ச்சியால் வருகிற பயமுறுத்தல்தான். வெந்நீர் குடித்து, சூடான ஆவியை உள்ளிழுத்து, அமைதியாக உட்கார்ந்தால் போய்விடும். ஆனால் பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி, கண்ணால் பார்க்காத ஒருவரைத் தனியாக விடக் கூடாது. டீச்சர் மயங்கி விழுந்தால் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். அந்த மண்டபத்தில் நிறைந்திருந்த இத்தனை பேரில், இது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் ஒரு கதவுக்கு அப்பால் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

என் இரண்டு சத்தியங்களையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். ஒரு கணத்துக்கு மேல் நினைக்கவில்லை. டீச்சரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"அண்ணாச்சி, சமையல்காரர்கிட்ட ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கிக்கிட்டு கை கழுவுற இடத்துக்கு ஓடுங்க. சம்மந்தி அம்மா மூச்சு முட்டி நிக்காவ. காரணம் கேக்காதீங்க. முகம் வீங்குனா உடனே வண்டியில ஏத்துங்க."

மீதியை அவர்கள் இருவரும் பிற்பாடு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். இரண்டு சொல்லிலும் பொதுவாக இருந்ததை மட்டும் நான் நம்புகிறேன். அண்ணாச்சி வெந்நீரோடு போய் நின்றார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை நீட்டியபடி அண்ணாச்சி சொன்னார்: "குளுந்தது குடிச்சியளா? அடைக்க மாதிரித்தான் இருக்கும், அடைக்காது. ஆவியை உள்ள இழுங்க. பைய, பைய."

டீச்சர் இழுத்தார், குடித்தார், மூச்சு திரும்பியது. திரும்பிய மூச்சில் முதல் வேலையாக அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். பட்டுச் சட்டைக்குப் பதில் ஒரு பழைய சட்டை, அதற்குள் ஒரு புடைப்பு.

"சுகர் மெஷினா?"

"ஆமா" என்றார் அண்ணாச்சி. பிறகு டீச்சரின் உள்ளங்கையில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தார். அந்த மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும். "இது?"

"சோப்புத்தூள் அலர்ஜி."

பிறகு டீச்சர்தான் கேட்டிருக்கிறார்: "உங்களுக்கு எத்தனை வாரத்துக்கு ஒருக்க?"

"ரெண்டு. உங்களுக்கு?"

"மூணு."

உள்ளே மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. வெற்றிலைத் தட்டோடு இரண்டு குடும்பமும் பெரியவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் இருவரும் கை கழுவுகிற குழாயடியில் நின்று, வாந்தி எதில் அதிகம், விரல் மரப்பு எதில் அதிகம், முடி யாருக்குக் கொட்டியது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டங்களில் டீயும் பஜ்ஜியுமாக நடந்த அதே விவாதம்தான். இங்கே முடிவு சீக்கிரம் வந்தது. அண்ணாச்சிக்கு மாத்திரை நல்லது என்று பட்டது, டீச்சருக்குப் பாட்டில் நல்லது என்று பட்டது.

தட்டு மாற்றி முடிந்ததும், மாப்பிள்ளைக்கு மோதிர அளவு பார்க்கப் போகிறோம் என்று மாப்பிள்ளை இல்லாமலேயே ஒரே காரில் கிளம்பி எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்கு உயிரே இல்லை. இரண்டு சத்தியத்தையும் ஒரே போனில் உடைத்தவள் அல்லவா. கையுறை போட்டு அண்ணாச்சியின் இணைப்பைச் சரிசெய்துகொண்டே திட்டு விழக் காத்திருந்தேன். விழுந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த திட்டு இல்லை.

"இத்தன மாசமா ஒரே வார்டுல கெடந்திருக்கோம்" என்றார் அண்ணாச்சி. "ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சிஸ்டர்?"

"அந்த மட்டிப்பழம் யாரு கொண்டு வந்தாவன்னு நான் கேட்டனா இல்லியா?" என்றார் டீச்சர். "வாயைத் தொறந்தீங்களா?"

சொல்லாதே என்று கெஞ்சியவர்களே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், பதில் சொல்லக் கூடாது பிள்ளைகளே. சிரிக்கவும் கூடாது. நான் இரண்டாவதில் தோற்றுவிட்டேன்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் செய்தது தப்பா என்று கேட்டேன். "மூச்சு முட்டுற ஆளுக்கு ரகசியம் எதுக்கு சிஸ்டர்?" என்றார். நான் ஆறுதலடைவதற்குள், "ஆனா அடுத்த தடவை முதல்ல எனக்கு போன் பண்ணுங்க, பொறவு சம்மந்திக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் நிம்மதி போயிற்று. இருவரையும் சந்திக்க விடாமல் நான் பாடுபட்டது போய், இருவரையும் ஒரே நாளில் போடச் சொல்லி அவர்கள் என்னைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஆறு வாரத்துக்கு ஒருதடவைதான் முடியும் என்று சொன்னால், டீச்சர் டாக்டரிடம் போய்த் தன்னைப் பாட்டிலுக்கு மாற்றச் சொன்னார். அண்ணாச்சி மாத்திரை கேட்டார். "உங்க கிட்னியைக் கேளுங்க" என்று டாக்டர் அவரை அனுப்பினார். டீச்சருக்கு மாற்றலாம்தான், உள்ளங்கை மோசமாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் போர்ட் வைக்க வேண்டும் என்றதும் கல்யாணம் கழியட்டும் என்றார். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

கல்யாணம் நல்லபடியாகக் கழிந்தது. கழிந்த பிறகும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆளாளுக்கு மறைத்தபோது இருந்த பயம், சேர்ந்து மறைக்கத் தொடங்கியதும் ஒரு விளையாட்டாகிவிட்டது. மறுவீட்டு விருந்து முடியட்டும் என்றார்கள், தீபாவளி முடியட்டும் என்றார்கள். கடைசியில் பெரிய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்க நோயை நீங்க மறைக்கலாம். அது உங்க உரிமை. உங்க பிள்ளைகளுக்குள்ள ஒண்ணு வளருதான்னு பாக்க விடாம தடுக்க உங்களுக்கு என்ன உரிமை?"

அந்த வாரமே டீச்சரின் மகனும் மருமகளும் மஸ்கட்டிலிருந்து கிளம்பி டாக்டர் அறைக்கு வந்தார்கள். மகன் பிரதீப் கோபித்தான். நோயை மறைத்ததற்காக அல்ல. "நிச்சயம் கழிஞ்சு நான் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனேன், நீங்க கையை ஆட்டி வழியனுப்பினிய. அன்னைக்கு ட்ரிப் ஏத்தி நாலு நாளு. எப்படிம்மா முடிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மருமகள் சுபா தன் அப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பாட்டில் இல்லாத வாரம் அது. "எங்கப்பா அந்த மெஷினு?" என்றாள். அழுதுகொண்டே அவரைத் தோளில் அடித்தாள்.

இருவருக்கும் ஒரே நாளில் குடல் பரிசோதனை செய்தோம். அதற்கு முந்தின நாள் பேதி மருந்து குடிக்க வேண்டும். புதுமணத் தம்பதிகள், ஆசுபத்திரிக்குப் பக்கத்தில் எடுத்திருந்த, ஒரே குளியலறை உள்ள வாடகை வீடு. எப்படிச் சமாளித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சுபாவுக்கு ஒன்றும் இல்லை. பிரதீப்புக்கு ஒரு சின்னச் சதை முளை இருந்தது. விட்டிருந்தால் பின்னாளில் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத பருவத்தில் அதை வெட்டி எடுத்தார் டாக்டர். டீச்சரிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த ஸ்கேனில் பெரியவர்கள் இருவருக்கும் முடிவு பிரிந்தது. அண்ணாச்சியின் ஈரலில் இருந்த கட்டிகள் சுருங்கியிருந்தன. டீச்சருக்குப் புதிதாக இரண்டு இடத்தில் கட்டி தென்பட்டது. பாட்டில் வென்றது, மாத்திரை தோற்றது என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு நேர்மாறாக ஆன ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் சொல்கிற ஏறத்தாழ என்ற சொல், ஆயிரம் பேருக்கானது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கானது அல்ல.

அதற்குப் பிறகு வந்த ஆறாவது வாரம் அது. அண்ணாச்சி முதலில் வந்தார். பாட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டார்.

"சிஸ்டர், டீச்சருக்க ஸ்கேன் சரியில்லன்னு மகள் சொன்னா. எனக்க ஸ்கேனப் பத்தி அவிய கேட்டா, எனக்கும் கூடிட்டுன்னு சொல்லீருங்க."

"நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்லுகது எனக்கு வழக்கமில்ல."

"சர்பத்து குடிச்ச அன்னைக்கு?"

"அன்னைக்கு மூச்சு முட்டிச்சு."

டீச்சர் வந்தார். இப்போது அவருக்கும் போர்ட் வைத்து மருந்தை மாற்றியிருந்தார்கள், பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். மெலிந்துவிட்டார். உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டதும் நேராகக் கேட்டார்: "சம்மந்தி, ஸ்கேன் என்ன சொல்லுகு?"

"கூடிட்டு டீச்சரே" என்றார் அண்ணாச்சி, கூரையைப் பார்த்துக்கொண்டு. "எல்லாம் ஒரு வழியிலதான் போகு."

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளின் பொய்யைப் பார்த்த பார்வை அது.

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அண்ணாச்சி பார்க்கவில்லை.

"நல்லா இருக்குன்னா நல்லா இருக்குன்னு சொல்லணும் சம்மந்தி. எனக்கு அது வேணும். பிள்ளைகளுக்கு ஒரு ஆளாவது மிஞ்சணும்லா. சுபாவுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. நேத்துத்தான் சொன்னா, உங்ககிட்ட நான் சொல்லணுமாம், அவளுக்கு வெக்கம்."

அண்ணாச்சி திரும்பினார். வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். இடுப்பிலிருந்த பாட்டில் அவரோடு சேர்ந்து குலுங்கியது.

"பாட்டிலைப் பாத்துக்கிடுங்க" என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் போர்ட் இருந்த தோளைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க தொடங்குங்க சிஸ்டரே. எனக்கு இன்னும் கொஞ்ச மாசம் வேலை இருக்கு."